நாற்பத்திரண்டு பேரும் நல்லதே சொன்னார்கள்

நான் வேலை பார்க்கும் கம்பெனி எதையும் தயாரிப்பதில்லை, எதையும் விற்பதில்லை. பணக்காரர்களிடம் பணம் வாங்கி, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்ளும். பத்து இடத்தில் போட்டால் ஏழு செத்துப்போகும். இரண்டு நொண்டும். ஒன்று மட்டும் நூறு மடங்கு வளர்ந்து மற்றதன் நஷ்டத்தை எல்லாம் சேர்த்துத் தூக்கும். அந்த ஒன்றை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. பேப்பரில் இதைத் துணிகர முதலீடு என்று எழுதுகிறார்கள். துணிச்சல் யாருடையது என்று எழுதுவதில்லை.

சென்னையில் ஒன்பதாவது மாடியில் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். என்னைத் தவிர மற்றவர்கள் வீட்டில் எல்லாம் டைரக்டர், டாக்டர், ஆடிட்டர். என் அப்பா மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என்னை ஏன் எடுத்தார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கிராமத்துத் தொழில்களில் பணம் போட ஆரம்பித்திருந்தார்கள். விவசாயி வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிந்த ஆள் ஒருத்தி தேவைப்பட்டாள். இன்டர்வியூவில் ரகுநாத் என் மார்க்கைப் பார்க்கவே இல்லை. "உங்க ஊர் பாஷைல சரளமா பேசுவீங்களா?" என்று கேட்டார். அவர்தான் அங்கே பார்ட்னர், அதாவது முதலாளி. எல்லோரும் அவரை ரகு என்று கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, சார் என்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

ஆறு மாதம் புரொபேஷன். டிசம்பரில் முடிந்தது. 'இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்' என்று நீட்டினார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நான் பார்த்த டீல் ஒன்றாவது முடிய வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? என்னோடு எம்.பி.ஏ. முடித்த மூன்று பேர் கந்தர்வகோட்டையில் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு வீடு வீடாகத் தவணை வசூல் பண்ணப் போகிறார்கள். ஒருத்தியை ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டுத் துரத்தினார்களாம். எனக்கும் அங்கே இடம் இருக்கிறது என்று அவளே சொல்லி வைத்திருந்தாள்.

என்னிடம் இருந்த டீல் சொக்கநாதனுடையது. திருமயம் பக்கத்துக் குடும்பம். ஊரில் பூட்டிய பெரிய வீடு, குடித்தனம் எல்லாம் சென்னையில். வயது முப்பத்தொன்று. அவருடைய யோசனை கேட்க அழகாக இருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்க ஃபாக்டரி கட்டுவதில்லை. ஆதனக்கோட்டையைச் சுற்றி எட்டு ஊரில் அறுநூற்று நாற்பது பெண்களுக்கு வீட்டுக்கு ஒரு மெஷின். காலால் மிதித்து, கையால் இழுத்தால் கொட்டை இரண்டாகப் பிளக்கும். அவித்த கொட்டையைக் கம்பெனி வண்டி கொண்டுவந்து போடும், பருப்பை எடை போட்டு எடுத்துக்கொண்டு போகும். மெஷினுக்கு முன்பணம் ஐயாயிரம். எல்லாம் ஆப்பில் பதிவாகும். தொண்ணூற்றிரண்டு சதவீதம் பெண்கள் ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்து உடைக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்.

எட்டு ஊரில் ஒன்று என் ஊர். அறுநூற்று நாற்பதில் ஒருத்தி என் அம்மா.

இதை நான் மறைக்கவில்லை. ரகுநாத்திடம் முதல் நாளே சொன்னேன். "பிரமாதம், உள்ளேயே ஆள் இருக்கு" என்றார்.

பணம் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளர்கள், வேலை செய்கிறவர்கள் நாற்பது ஐம்பது பேரிடம் பேசி உண்மை தெரிந்துகொள்வது எங்கள் தொழிலில் கட்டாயம். அம்மாவை விட்டுவிட்டு, எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலுமாக நாற்பத்திரண்டு பெண்களுக்குப் போன் போட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. 'சென்னையிலிருந்து பேசுகிறோம்' என்று டிவி நியூஸ் தமிழில் பேசினேன். நாற்பத்திரண்டு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். நல்லா இருக்குங்க. நல்லா ஓடுதுங்க. ஒரு கொறையும் இல்லைங்க.

அறிக்கையைப் படித்த ரகுநாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டா?"

"ஆமா சார்."

"எங்க அம்மா எனக்கு மார்க் போட்டாக்கூட நூத்துக்கு நூறு வராது அன்புமொழி. ஒருத்தர்கூட பேமெண்ட் லேட்டுன்னு சொல்லலையா? கால் வலிக்குது, மெஷின் சத்தம் போடுது, ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல சார்."

"நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்குக் கோபம். தஞ்சாவூரில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ் ஏறும் வரை அந்தக் கோபம் இறங்கவில்லை.

வீட்டில் மெஷின் மூலையில் நின்றது. மேலே சாக்கு. சாக்குக்கு மேலே மூன்று தலையணை, ஒரு பாய்.

"மெஷின ஏம்மா மூடி வச்சுருக்க?"

"தூசி விழும்ல."

"ஓடுற மெஷின்ல எப்புடி தூசி விழும்?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. லீவு."

"வியாழக்கெழமம்மா இன்னைக்கு."

"சென்னையில வியாழக்கெழமயா இருக்கும். கைய கழுவு, சோறு போடுறேன்."

அம்மா அப்படித்தான். மாட்டிக்கொண்டால் தமாஷ் பண்ணித் தப்பித்துவிடுவாள். நானும் விட்டுவிட்டேன். சாப்பிடும்போது அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்துத் திறந்தாள்.

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன்.

தீபாவளிக்கு நான் வந்தபோது இந்தப் போன் அவள் விரலுக்குத் திறக்கவில்லை. நாலு எண் போட்டுத்தான் திறந்தாள். முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலைப் பொசுக்கும். கொட்டை உடைக்கிற கைக்கு ரேகை நிற்காது. ரேஷன் கடையில் மெஷின் எங்கள் ஊர்ப் பெண்களின் விரலை ஏற்றுக்கொள்ளாது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவார்கள். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சிவப்பாக, புதுத் தோல். கோடு கோடாக ரேகை.

என் பையில் இருந்த கம்பெனிப் பட்டியலில் அம்மாவுக்கு நேரே 'பரிமளா, ஜனவரி, முப்பத்தெட்டு கிலோ' என்று இருந்தது.

"எத்தன மாசமாச்சு நிறுத்தி?"

அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா."

"கார்த்திகையில." மோர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நல்ல கொட்டையா வந்துச்சுடி முதல்ல. அப்பறம் ஆப்பிரிக்காக் கொட்டைன்னு பொடிசு பொடிசா கொண்டாந்து கொட்டுனான். பிளேடு நடுவுல விழாது, பருப்ப வெட்டிப்புடும். ஒடசலுக்குப் பாதிக் காசுதான். அந்தப் பாதியும் வரல. நாகராசைக் கேட்டா, சென்னைப் பணம் வரட்டும், மொத்தமா வந்துரும்ங்கிறான்."

நாகராசு எனக்குச் சித்தப்பா முறை, எங்கள் ஊரில் கம்பெனியின் ஏஜெண்டு. சென்னைப் பணம் என்றால் எங்கள் ஆபீஸ் போடப்போகும் பணம்.

"எல்லாருமே நிறுத்தியாச்சா?"

"அவளுகளையே கேளு."

கேட்கப் போகவே தேவையில்லாமல், நான் போன் போட்ட நாற்பத்திரண்டு பேரில் ஒருவரான கண்ணாத்தா அத்தை வந்துவிட்டார். நான் வந்தது தெரிந்து பார்க்க வந்தவர். வாசலிலேயே நின்று, "யாரு, மேடமா? சென்னையிலேந்து பேசுறோம்ங்க, ஒங்க மெஷின் நலமா இருக்குங்களாங்க?" என்று என் குரலிலேயே இழுத்தார்.

எனக்கு முகம் எரிந்தது. "தெரியுமா அத்தே ஒங்களுக்கு?"

"ஒன்னைய மூக்கு ஒழுகுன நாள்லேந்து பாக்குறேன். ஒன் கொரலு தெரியாதா எனக்கு? நீ யாரோ மாதிரி பேசுன. சரி, நாமளும் யாரோ மாதிரி பேசுவோம்னு பேசுனேன்."

"பொய் சொல்லிருக்கீங்க."

"பொய் என்னடி பொய். விசாரிக்க வர்றவங்ககிட்ட வேற என்ன சொல்லுவாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் பெண் வீட்டுக்குப் போகமாட்டார்கள். நாலு வீடு தள்ளி நின்று தண்ணீர் கேட்பார்கள், அப்படியே அந்தக் குடும்பம் எப்படி என்று விசாரிப்பார்கள். எந்த வீட்டில் கேட்டாலும் தங்கமான குடும்பம் என்றுதான் பதில் வரும். வேலித் தகராறில் பதினைந்து வருடம் முகம் பார்க்காதவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். கூடிவருகிற காரியத்தைக் கலைத்த பாவம் ஏழு தலைமுறைக்கு என்று நம்பிக்கை. என் பெரியப்பா மகள் வித்யாவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க, அந்த மாப்பிள்ளையின் ஊருக்கு எங்கள் வீட்டார் போனபோது, அங்கேயும் தெருவே தங்கம் என்றது. இரண்டாவது வருடம் இடது கை ஒடிந்து அவள் திரும்பி வந்தாள். அந்த ஊர்க்காரர் ஒருவர் பிறகு பஸ்ஸில் என் பெரியப்பாவிடம், "எங்களுக்கு முன்னாடியே தெரியுங்க, ஆனா நாங்க எப்புடிங்க சொல்றது?" என்றாராம்.

நான் போன் போட்டதும் அதே மாதிரிதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. சென்னையிலிருந்து சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள். ஏதாவது சொல்லிக் கலைத்துவிடக்கூடாது.

"ஒங்க அம்மாதான் வீடு வீடா வந்துச்சு. அன்பு போன் போடும், இது முடிஞ்சாத்தான் அதுக்கு வேலை நெலைக்கும், பாத்துச் சொல்லுங்கன்னு. எங்க புள்ள ஒருத்தி அம்புட்டு ஒசரத்துல போயி ஒக்காந்துருக்கு. நாங்க தள்ளிவிடுவமா?" என்றார் கண்ணாத்தா அத்தை.

நான்தான் அம்மாவிடம் போனில் புலம்பியிருந்தேன். இந்த டீல் முடியாவிட்டால் வேலை இல்லை என்று. நாளை நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் போன் போடப்போகிறேன் என்று.

சாயங்காலம் நாகராசு சித்தப்பாவின் குடோனுக்குப் போனேன். ரோட்டோரம் தகரக் கொட்டகை. உள்ளே, எங்கள் ஊருக்குக் கொடுத்த அறுபது மெஷின்களில் பழுது என்று திரும்பி வந்த நாலு மெஷின் வரிசையாகப் போட்டிருந்தது. ஒடிசாக்காரர்கள் நாலு பேர் கையில் சாம்பல் தடவிக்கொண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

சித்தப்பா என்னைப் பார்த்ததும் ஓடவில்லை, ஒளிக்கவுமில்லை. டீ வாங்கி வரச் சொன்னார்.

"ஒரு வீடு ஓடுதுன்னு ஆப்புல காட்டுனா எனக்கு மாசம் நூத்தம்பது. அறுபது வீடு. நீயே பெருக்கிக்க, படிச்ச புள்ள. வீட்டுல உக்காந்து இவளுக ஒடைக்கிறதாவது! சீரியல் ஓடும், சின்னது அழுவும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகணும். இந்தப் பயலுக நாலு பேரு காலையில ஒக்காந்தா இருட்டுனாத்தான் எந்திரிப்பான். அறுபது வீட்டுச் சரக்கையும் முடிச்சுப்புடுவான். பேரு மட்டும் ஒங்க அம்மா பேருல, கண்ணாத்தா பேருல போட்டுவிட்டுருவேன்."

"சொக்கநாதனுக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கல. நானும் சொல்லல."

"மத்த ஏழு ஊருலயும்?"

அவர் சிரித்தார். "நான் என்ன பெரிய அறிவாளியா? அவனுக செஞ்சதத்தான் நானும் செஞ்சேன்."

மறுநாள் மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மா எதிரே வந்து உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நான் எதை எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எழுதாத அன்பு."

"பொய்யை எழுதச் சொல்றியா?"

"ஒண்ணுமே எழுதாத. முன்ன எழுதுனத அப்புடியே விட்டுரு. பணம் வந்துச்சுன்னா அவளுகளுக்கு ரெண்டு மாசப் பாக்கி வரும். ஒனக்கு வேல நிக்கும். யாருக்கு என்ன நட்டம்? ஒங்க மொதலாளிக்கு இது ஒரு காசா?"

"அப்பறம் அடுத்த வருசம் கம்பெனி படுத்துரும். அப்ப இத விசாரிச்சு எழுதுன அனலிஸ்டு யாருன்னு கேப்பாங்க."

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம். இவளுக மகளிர் குழுவுல கடன் வாங்கி முன்பணம் கட்டிருக்காளுக. நான் போயிச் சொன்னேங்கிறதுக்காக வாயத் தொறக்காம இருக்காளுக."

நான் எழுதினேன். நான் நல்லவள் என்பதால் எழுதவில்லை. கண்டுபிடித்தவள் நான் என்பதால் எழுதினேன். ஒன்பதாவது மாடியில் இருக்கிற எவனுக்கும், எவளுக்கும், ஒரு பெண்ணின் கட்டைவிரலைப் பார்த்து ஒரு கம்பெனியின் கணக்கைப் பொய் என்று சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அது எனக்குள் கொழுப்பாக ஏறியிருந்தது. அதோடு ஒன்று கீழே சேர்த்து எழுதினேன்: பணம் போடுவதானால் முதலில் பெண்களின் பாக்கியைத் தீர்க்க வேண்டும், இது நிபந்தனை. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் எழுந்து போய் மெஷின் மேலிருந்த பாயை எடுத்துப் போட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் இரண்டாவது வாரம் மீட்டிங். சொக்கநாதனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரகுநாத் என் அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார். இன்றோடு இந்த ஆளை வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். சொக்கநாதன் படித்தார். முகம் வெளுத்தது.

"நாலு பேர், அறுபது வீட்டு வேலையைச் செய்றாங்க," என்றார் ரகுநாத். "சொக்கு, இதை நீங்க மோசடின்னு பாக்குறீங்க. நான் அப்படிப் பாக்கல. உங்க ஏஜெண்டுங்க உங்களைவிட நல்ல பிசினஸ் மாடல் கண்டுபிடிச்சிருக்காங்க. வீடு, பெண்கள், ஆப்பு, இதெல்லாம் எதுக்கு? திருச்சி பக்கம் ஒரு ஷெட் எடுங்க. நாப்பது பேர் போதும். நான் பணம் போடுறேன். ஆனா கம்பெனிக்குப் பேசின பழைய விலையில, அந்த வேல்யுவேஷன்ல இல்ல. பாதி."

சொக்கநாதன் அரை மணி நேரம் முரண்டு பிடித்தார். என் அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் ரகுநாத் விரல் வைத்துக் காட்டினார். வரிக்கு வரி விலை இறங்கியது. கடைசியில் ஒப்புக்கொண்டார். நிபந்தனையைப் பற்றி நான் வாயைத் திறந்தேன்.

"பாக்கி, சார்..."

"வீட்டு யூனிட்டை எல்லாம் செட்டில் பண்ணி மூடணும், சரிதான்" என்றார் ரகுநாத். "தலைக்கு ஆயிரத்தைந்நூறு, அன்னைக்கே ரொக்கமா. மெஷினைத் திருப்பி எடுத்துக்கணும். இனிமே பாக்கி இல்லைன்னு எழுதி வாங்கிடணும். முன்பணத்தை மெஷின் தேய்மானத்துல கழிச்சுக்கலாம்."

வெளியே லிஃப்ட் பக்கம் சொக்கநாதன் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கைகுலுக்கினார்.

"நம்ம பக்கத்துப் பொண்ணு இப்புடிக் காலை வாரிருச்சேன்னு மொதல்ல இருந்துச்சுங்க. யோசிச்சா நல்லதுதான் பண்ணிருக்கீங்க. அறுநூத்து நாப்பது வீட்டைக் கட்டி மேய்க்கிறது சாமானியமா? நானாப் போயி மூடுனா கெட்ட பேரு. இப்ப பணம் போடுற ஃபண்டு மூடச் சொல்லுதுன்னு சொல்லிக்கலாம்."

அன்று சாயங்காலமே எனக்கு மெயில் வந்தது. பணி உறுதி. சம்பளம் இத்தனை, இன்ஷூரன்ஸ் இத்தனை. 'இந்த அறிக்கை எங்கள் ஆபீசில் இனி வருகிறவர்களுக்கு ஒரு பாடம்' என்று ரகுநாத் எல்லோருக்கும் எழுதியிருந்தார். கேக் வெட்டினார்கள். நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கையெழுத்து வாங்க என்னையே அனுப்பினார்கள். வேறு யாரை அனுப்புவார்கள்? எங்கள் ஊரில் அறுபது பெயர். வக்கீல் அச்சடித்துக் கொடுத்த தாளில் பெயர்களுக்கு எதிரே மூன்று கட்டம்: கையெழுத்திட்டார், மறுத்தார், வீட்டில் இல்லை. மறுத்தவர்களுக்கு மெஷினை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் போகும். வீட்டில் இல்லாதவர்களை இன்னொரு நாள் போய்ப் பார்க்கலாம்.

நாகராசு சித்தப்பா குடோனில் பாய் விரித்துப் பெண்களை உட்கார வைத்திருந்தார். நான் தாளை முழுசாகத் தமிழில் படித்துக் காட்டினேன். 'எனக்கு இனி எந்தப் பாக்கியும் வரவேண்டியதில்லை' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

"அப்ப அந்த ரெண்டு மாசக் காசு?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"வராது. முன்பணமும் வராது. இந்த ஆயிரத்தைந்நூறுதான். வேண்டாம்னா போடாதீங்க. கட்டாயம் இல்ல."

அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொன்னேன். யாராவது ஒருத்தி எழுந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள் என்று காத்திருந்தேன். யாரும் எழவில்லை.

கண்ணாத்தா அத்தைதான் முதலில் வந்தார். "நீ கொண்டாந்துருக்க. சரியாத்தான் இருக்கும்."

"சரியா இல்லத்தே. இப்பத்தான படிச்சேன்."

"அதுக்கு என்ன பண்றது? போடாட்டி ஐயாயிரம் வந்துருமா? இதையும் நாகராசு தின்னுப்புடுவான்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அத்தை கோணலாகக் கையெழுத்துப் போட்டு மூன்று நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "ஒனக்கு வேல நெரந்தரமாயிருச்சாமே? ஒங்க அம்மா சொல்லவே இல்ல. நாகராசு சொல்லித்தான் தெரியும். நல்லா இரு."

ஐம்பத்தொன்பது பேர் போட்டார்கள். அம்மா வரவில்லை.

வெயில் தாழ்ந்து வீட்டுக்குப் போனேன். சித்தப்பாவின் வண்டி மெஷினை ஏற்றப் பின்னாலேயே வந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"படிச்சுக் காட்டுனியா அவளுகளுக்கு?"

"ரெண்டு தடவ."

"போட்டாளுகளா?"

"போட்டாங்க."

"ஒன் மொகத்துக்காகப் போட்டாளுக. அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னதும் ஒன் மொகத்துக்காகத்தான். வீடு வீடாப் போயிச் சொல்லச் சொன்னவ நான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுல கையெழுத்துப் போடுவேன்?"

"போடாட்டி வக்கீல் நோட்டீஸ் வரும்மா."

"வரட்டும். யாரு அனுப்புறது? ஒங்க ஆபீசுதான?"

நான் தாளை மடித்தேன்.

"அப்ப நீயே கொண்டாந்து குடு. ரேசன் கடையில மாதிரி நான் கண்ணைக் காட்டி வாங்கிக்கிறேன்."

சித்தப்பா வண்டியிலிருந்து இறங்கி, "என்ன மதினி, புள்ள கஷ்டப்பட்டு..." என்று தொடங்கினார்.

"நாகராசு, நீ இந்தப் படியில கால வச்ச, செருப்பு பிஞ்சுரும்."

அவர் வண்டிக்கே திரும்பிப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. நானும் உள்ளே போகவில்லை. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் தஞ்சாவூரில் ரயில் கிடைக்கும். அதற்குள் தாளைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

வண்டியின் பானட் மேல் தாளை விரித்து வைத்தேன். ஐம்பத்தொன்பது பெயருக்கு நேரே டிக் போட்டேன். ஒரு பெயர் மீதி இருந்தது. அம்மா வாசற்படியிலேயேதான் இருந்தாள், பத்தடி தூரத்தில், என் கையைப் பார்த்துக்கொண்டு. பரிமளா என்ற பெயருக்கு நேரே, வீட்டில் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, படம் எடுத்து அனுப்பினேன்.